ஏழு முள்ளும் ஒரு பரிவாரமும்

பட்டம் சூட்டும் நாளன்று அரசருக்கு ஊசி குத்துவார்கள் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். எழுநகரில் அதுதான் வழக்கம். கிரீடம் கிடையாது, சிம்மாசனம் கிடையாது, ஒரு முழம் பூகூடக் கிடையாது. இடது காதுக்குப் பின்னால் வரிசையாக ஏழு முள். குத்தி முடித்ததும் தேர்வாளர்கள் ஏழு பேரும் "அரசர் வாழ்க" என்று கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

பல் டாக்டர் அஞ்சுகம் ஆறு முள் வாங்கியிருந்தாள். ஐம்பது வயது வரை ஊரார் வாயில் ஊசி குத்திய பாவமெல்லாம் திரும்பி வந்ததோ என்னவோ, கழுத்து விண்விண்ணென்று தெறித்தது.

"அசையாதீங்க டாக்டரம்மா. ஏழாவது கொஞ்சம்தான் உறுத்தும்," என்றார் தாவீது. எழுநகரின் சட்டத்தைக் காப்பவர் அவர். முள் குத்துவதும் அவர் வேலைதான்.

"நானும் எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்லுவேன். ஒருத்தரும் நம்பினதில்ல."

இந்தக் கூத்து எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். செவ்வாயின் பெரும்பள்ளத்தாக்குச் சுவரைக் குடைந்து ஏழு நகரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் காவல், தனி வரி, தனிக் கதவு. ஒன்றுக்கொன்று ஆகாது. ஆனால் பூமியிலிருந்து கப்பல் அனுப்புகிறவர்கள், ஏழு பேரிடம் எங்களால் மல்லுக்கட்ட முடியாது, ஒரே கையெழுத்துதான் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். அந்தக் கையெழுத்துக்காக ஓர் அரசர். சுத்தமான ஒப்புக்குச் சப்பாணி!

இந்த ஆளால் நமக்குத் தொல்லை வராதே என்பது ஒன்றைத்தான் தேர்வாளர்கள் பார்ப்பார்கள். அந்த விஷயத்தில் அஞ்சுகத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் ஊர் கருக்கல். அது நகரமே அல்ல. பள்ளத்தாக்கின் நிழல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் எண்ணூறு பேர் குடியிருப்பு. அதற்கு ஓட்டும் இல்லை, காவலும் இல்லை, கேட்க நாதியும் இல்லை.

ஒரு முள்ளுக்கு ஒரு வாக்கு. வரி கேட்கமாட்டேன், எந்த நகரத்துக் காவலுக்கும் ஆணையிடமாட்டேன், எந்தக் கதவையும் திற என்று சொல்லமாட்டேன், பூமியிடம் தனியாகப் பேசமாட்டேன் என்றெல்லாம் ஆறு பேரும் அவரவர் பயத்தை வாக்காக வாங்கிக்கொண்டிருந்தார்கள். மீறினால் என்ன ஆகும் என்று முதல் முள்ளுக்கு முன்பே அவள் கேட்டிருந்தாள்.

"மீறவே முடியாதும்மா," என்றார் தாவீது. "முள் உங்க பேச்சைக் கேக்காது, மனசைக் கேக்கும். வாக்கை மீறுறோம்னு உங்களுக்கே தெரிஞ்சுதுன்னா, அந்த நிமிஷமே நாக்கையோ கையையோ பிடிச்சு நிறுத்திடும். உங்களையே நீங்க ஏமாத்திக்க முடிஞ்சாத்தான் அதை ஏமாத்த முடியும்."

ஏழாவது தேர்வாளர் செம்மலை நகரத்து ஆதிமூலம். எழுநகரிலேயே பெரிய ஊர், எழுநகரிலேயே இனிமையான பேச்சு.

"நான் கேக்கிறது ரொம்பச் சின்ன வாக்கு டாக்டரம்மா. பதவியில இருக்கிற வரைக்கும், உங்க ஊரான கருக்கலுக்கு எந்த நன்மையும் செய்யக் கூடாது. அதோட பேரைக்கூட நீங்க வாயால சொல்லக் கூடாது. பாரபட்சம் வந்துடக் கூடாது பாருங்க."

அஞ்சுகம் நாற்காலியைவிட்டு எழுந்தாள். "வேற ஆளைப் பாருங்க."

"கோவப்படாதீங்க. உங்க ஊர் பாசித்தொட்டியோட சூடேற்றி விரிசல் விட்டிருக்குன்னு எனக்குத் தெரியும். எங்க கிடங்குல புதுசு ஒண்ணு சும்மா கிடக்கு. நீங்க இந்த முள்ளை வாங்கிக்கிட்டா அடுத்த வாரமே அனுப்பிடுறேன். இது என் வாக்கு."

கருக்கலின் மூச்சே அந்தப் பாசித்தொட்டிதான். தொட்டி சூடாக இருந்தால் பாசி வாழும், பாசி வாழ்ந்தால் காற்று வரும். அந்தச் சூடேற்றிக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்றுதான் அவள் இந்தப் பதவிக்கே தலையாட்டியிருந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். ஆதிமூலத்தின் காதுக்குப் பின்னால் முள் எதுவும் இல்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

சூடேற்றி வரவில்லை. கேட்டால், அடுத்த வாரம். அதற்கடுத்த வாரமும் அடுத்த வாரம்தான். முதலில் அவர் கொடுத்த வாக்கைக் கேட்பதாகத்தான் நினைத்துக் கேட்டாள்; போகப் போக, கேட்கவே நாக்கு எழவில்லை. ஊருக்கு நன்மை கேட்கிறோம் என்று அவள் மனசுக்குத் தெரிந்தது, முள்ளுக்கும் தெரிந்தது.

எழுநகரின் அரசர் சாகும் வரை அரசர்தான், ஆனால் அரண்மனை கிடையாது. நகரம் நகரமாகப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், விருந்தாளியாகத் தங்க வேண்டும். அஞ்சுகமும் தாவீதும் ஒரு சின்ன வண்டியில் சுற்றினார்கள். போகிற இடமெல்லாம் தடபுடலாக விருந்து நடக்கும். விருந்து முடிந்ததும் யாராவது மெல்ல வந்து, "அரசே, இந்தக் கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம்..." என்று வாயைத் திறப்பார்கள். அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டே பார்ப்பாள்.

தேர்வாளர் சபை கூடிய அன்று காலையில் தம்பி மாசிலாமணி கூப்பிட்டான். கருக்கலின் பாசித்தொட்டியைப் பார்த்துக்கொள்பவன் அவன். திரையில் அவன் முகம் ஊதிப்போயிருந்தது.

"அக்கா, பாதிப் பாசி வெளுத்துப்போச்சு. மிச்சம் இந்த மாசம் தாங்கினா பெரிய விஷயம். சின்னப் பிள்ளைங்களுக்கெல்லாம் தலைவலி நிக்கவே மாட்டேங்குது. அங்கே யார்கிட்டயாவது பேசு அக்கா. உன்னை அரசர்னுதானே சொல்றாங்க?"

சபையில் எழுந்து நின்றாள். "ஒரு ஊர்ல..." என்று தொடங்கினாள்.

"எந்த ஊர் அரசே?" என்றார் ஒரு தேர்வாளர். அவருக்குத் தெரியும். அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைக்க முயன்றாள். வாய் திறந்தபடி நின்றது, ஓரத்தில் எச்சில் வழிந்தது. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பல் டாக்டருக்கே வாய் கிட்டிப்போச்சே என்று ஒரு குரல் கேட்டது. ஆதிமூலம் எழுந்து, "அரசர் களைப்பா இருக்காங்க, சபையைக் கலைச்சுக்கலாம்," என்று அக்கறையோடு சொன்னார். அந்த அக்கறைதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவமானத்தில் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

வண்டிக்குள் ஏறியதும் தலைக்கவசத்தைத் தூக்கி மூலையில் அடித்தாள். "இந்தப் பாழாப்போன முறையை எவன் கண்டுபிடிச்சான்?"

"நாம கண்டுபிடிச்சதில்ல," என்றார் தாவீது, வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "பூமியில ஜெர்மானிய நாடுகள்னு பழைய காலத்துல இருந்தது. அங்கே ஏழு பேர் கூடித்தான் அரசனைத் தேர்ந்தெடுப்பாங்க. மூணு பேராயருங்க, நாலு பிரபுங்க. வலுவான ஆளை உக்கார வெச்சா நம்ம தலையில ஏறி மிதிப்பான்னு, பல தடவை சின்ன ஆளாப் பார்த்து எடுப்பாங்க. ஓட்டுப் போடறதுக்கு முன்னாடியே வேண்டிய சலுகையெல்லாம் கறந்துக்குவாங்க. நம்ம நகரங்களை அமைச்சவங்க அதைப் படிச்சுட்டு, ஆகா, நமக்கு ஏத்த ஏற்பாடுன்னு எடுத்துக்கிட்டாங்க. முள் மட்டும்தான் நம்ம சரக்கு."

"அந்த அரசனுங்க எப்படித்தான் காலம் தள்ளினாங்க?"

"ஊர் ஊராப் போய்த்தான். அவங்களுக்கும் நிலையான தலைநகரம் கிடையாது. இன்னைக்கு ஒரு மடம், நாளைக்கு ஒரு நகரம். அரசனுக்கும் கூட வர்ற பரிவாரத்துக்கும் அந்தந்த இடத்துக்காரங்க சோறு போடணும். நம்ம சட்டத்துலயும் அது இருக்கே. அரசரையும் பரிவாரத்தையும் வாசல்ல நிறுத்தின நகரத்துக்கு அடுத்த கப்பல்ல பங்கு கிடையாது. மத்த ஆறும் அதைப் பிரிச்சுக்கும்."

"பரிவாரத்துல எத்தனை பேர் இருக்கலாம்?"

தாவீது சிரித்தார். "அது ஒரு கூத்து. சட்டம் எழுதின அன்னைக்கு, இருபது பேர்னு அளவு வெச்சுக்கலாம்னு ஒருத்தர் சொன்னாராம். விருந்தாளியை எண்ணிப் பார்க்கிற கஞ்ச ஊரா உன் ஊருன்னு மத்தவங்க அவரைப் பிடி பிடின்னு பிடிச்சுட்டாங்களாம். கௌரவப் பிரச்சினை பாருங்க! அப்புறம் எவனும் வாயைத் திறக்கல. தேவையும் வரல. ஒண்ணுமில்லாத அரசர் பின்னாடி யாரு போவா?"

அஞ்சுகம் அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாக்கு மரத்தது. இடது கை மடியில் கல்லாகக் கிடந்தது. கண் மட்டும் விரிந்திருந்தது.

தாவீது அந்தக் கண்ணைப் பார்த்தார். வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்," என்றார் பிறகு. "எனக்கு முள் இல்ல." வண்டியை நிழல் பக்கமாகத் திருப்பினார்.

கருக்கலின் பொதுக்கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மூன்று படி ஏறினாலே மூச்சு வாங்குகிற காற்று. விஷயத்தைத் தாவீதுதான் எடுத்துச் சொன்னார். பரிவாரம் என்று பதவி கொடுத்தால் ஏழு நகரங்களும் கதவு திறந்தாக வேண்டும் என்றதும் ஒரே சலசலப்பு. அஞ்சுகம் முதலில் தம்பியிடம் போனாள். தோளில் கை வைத்துப் பதவியின் பெயரைச் சொல்ல வேண்டும். அது முறை. கை பாதி தூரம் போய் அந்தரத்தில் நின்றது.

"நினைச்சேன்," என்றார் தாவீது. "ஊரைக் காப்பாத்துறோம்னு உங்க மனசுல இருக்கு. ஊர்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் முள் விடாது."

முதலில் புரிந்துகொண்டவன் மாசிலாமணி. அவன் முகம் வெளிறியது. "ஊரே இல்லேன்னா?"

எல்லோரும் தொட்டி இருந்த பக்கம் திரும்பினார்கள். தொட்டியை அணைத்தால் குளிர் இறங்கி மிச்சமிருக்கிற பாசியும் செத்துவிடும். அதற்குப் பிறகு கருக்கல் வெறும் குகை. வண்டிகளில் இருக்கிற குப்பிக்காற்று செம்மலை வரை போகப் போதும். திரும்பி வரப் போதாது.

"செம்மலைக்காரன் கதவைத் திறக்கலேன்னா?" என்று ஒருத்தர் கத்தினார். "வெளியில நின்னு சாகச் சொல்றீங்களா?" என்று இன்னொருத்தர். மூலையில் ஒரு பெண், பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டே, "உள்ள இருந்தா மட்டும் வாழப் போறோமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு கத்தியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சம்மதம் என்பவர்களைக் கைகளை உயர்த்தச் சொன்னார் தாவீது. ஒவ்வொன்றாக உயர்ந்தன. மாசிலாமணியின் கைதான் கடைசி.

"ஆனா நான் அணைக்க மாட்டேன்," என்றான். "நான் வளர்த்த பாசி அது. என்னால ஆகாது அக்கா."

அஞ்சுகம் தொட்டிக்குப் போனாள். நெம்புகோலைப் பிடித்தாள். முள் தடுக்கவில்லை. பார்த்தீர்களா அக்கிரமத்தை! ஊருக்கு நல்லது செய்யத்தான் தடை, கெடுதல் செய்ய ஒரு தடையும் இல்லை. கீழே இழுத்தாள். பிறந்த நாள் முதல் காதில் இருந்துகொண்டே இருந்த பம்பு ஓசை நின்றது. அப்படி ஓர் ஓசை இருந்ததே நின்ற பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. கூடத்தில் பெரியவர்கள் வாய்விட்டு அழுதார்கள். அவளும் அழுதாள், மூக்கைச் சிந்தி, வெட்கமில்லாமல், பச்சைக் குழந்தை மாதிரி அழுதாள்.

தொட்டிச் சுவரில் பனி படரும் வரை அங்கேயே நின்றாள். பிறகு, சோதித்துப் பார்ப்பதற்காக அல்ல, துக்கம் தாளாமல்தான், "கருக்கல்," என்றாள்.

சொல் தடையில்லாமல் வந்தது. ஊர் செத்துவிட்டது என்று அவள் முழுசாக நம்பியது அந்த நொடியில்தான்.

திரும்பி வந்து தம்பியின் தோளில் கை வைத்தாள். கை போனது. "மாசிலாமணி, இன்னையிலேருந்து நீ அரசரோட குடைக்காரன்."

"செவ்வாயில மழை ஏது அக்கா?" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அப்போ உனக்கு வேலை குறைச்சல். சந்தோஷப்படு."

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. வெற்றிலைப் பெட்டிக்காரர், விசிறிக்காரர், அரசரின் செருப்பைத் திருப்பிப் போடுபவர், அரசர் பேசும்போது தலையாட்டுபவர் என்று வாயில் வந்ததெல்லாம் பதவியானது. பதவி தீர்ந்துபோனதும் ஒரே பதவியை நூறு பேருக்குக் கொடுத்தாள். இடுப்புப் பிள்ளைக்கு, அரசரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் பதவி. அழுதுகொண்டிருந்த கூடத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது.

செம்மலையின் பெருங்கதவுக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. வரும் வழியில் இரண்டு வண்டிகள் நின்றுபோக, அதில் வந்தவர்களை மற்றவற்றில் திணித்திருந்தார்கள். கதவுக்கு மேலிருந்த திரையில் ஆதிமூலத்தின் முகம் தெரிந்தது. அரசர் ஒரு நகரத்துக்கு வரும் காட்சியை மற்ற ஆறு நகரங்களுக்கும் காட்டியாக வேண்டும் என்பது முறை. ஆகவே ஆறு தேர்வாளர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க அரசே. இதென்ன ஊர்வலம்?"

"என் பரிவாரம்ங்க ஐயா."

"விளையாடாதீங்க. இவங்கல்லாம் கருக்கல்காரங்க."

"அப்படி ஒரு ஊர் இல்லீங்களே. என் கையாலேயே அணைச்சுட்டுத்தான் வர்றேன். சந்தேகமா இருந்தா ஆளை அனுப்பிப் பாருங்க."

ஆதிமூலத்தின் குரலில் தேன் குறைந்தது. "வந்த வழியே திரும்பிப் போகச் சொல்லுங்க."

"திரும்பிப் போகக் காத்து இல்ல," என்றாள் அஞ்சுகம். பின்னால் எண்ணூறு பேர் மூச்சைச் சிக்கனமாக விட்டுக்கொண்டிருந்தார்கள். "நான் உங்களை ஒண்ணும் கேக்கல ஐயா. கெஞ்சவும் வரல. அரசரும் பரிவாரமும் வாசலுக்கு வந்திருக்கோம்னு சொல்றேன், அவ்வளவுதான். மத்தது உங்க இஷ்டம்."

திரையில் இன்னொரு தேர்வாளர் குறுக்கிட்டார். முன்பு சபையில் எந்த ஊர் அரசே என்று கேட்ட அதே ஆள்தான். "இடம் இல்லேன்னா பரவாயில்ல ஆதிமூலம். உங்க கப்பல் பங்கை நாங்க பார்த்துக்குறோம்." குரலில் அப்படி ஓர் ஆனந்தம்!

ஆதிமூலத்தின் முகத்தில் ஈயாடவில்லை. செம்மலையில் பாதித் தளங்கள் காலியாகக் கிடப்பது ஊருக்கே தெரியும். விருந்தாளிகளை வாசலில் நிறுத்திச் சாகடித்த நகரம் என்ற பேரும் வரும், பங்கும் போகும்.

கதவு திறந்தது. உள்ளே போய்க் கவசத்தைக் கழற்றி முதல் மூச்சை இழுத்த மாசிலாமணி, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஒரு மண்டலம் தங்கினார்கள். விருந்து, கௌரவத்துக்குக் குறைவில்லாமல் நடந்தது. காலித் தளங்களில் பரிவாரம் சும்மா இருக்கவில்லை. கீழ்த்தளத்தில் பாறை குடைகிறவர்களோடு பழகியது, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனது, அவர்கள் கதையைக் கேட்டது. செம்மலையில் மூச்சுக்கு வரி உண்டு. கூலியில் பாதி அதற்கே போய்விடும். அரசரின் பரிவாரத்துக்கு மூச்சு இலவசம். இதை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை. பார்க்கக் கண் இருந்தது, அது போதும்.

புறப்படும் நாளில் வழியனுப்ப ஆதிமூலம் வந்திருந்தார். பழைய இனிமை திரும்பியிருந்தது. "அடுத்த அரசருக்கு எட்டாவது முள் உண்டு, அரசே. பரிவாரம் இருபது பேர். ஏழு பேரும் பேசி முடிச்சாச்சு."

"நல்லது. அடுத்த அரசர்கிட்ட சொல்லுங்க," என்றாள் அஞ்சுகம். "நான் இன்னும் சாகல."

"வாழ்நாள் பூரா இந்தக் கும்பலை இழுத்துக்கிட்டே அலையப் போறீங்களா?"

"ஊரைக் கொன்னவ நான். அலையத்தான் வேணும்."

அப்போதுதான் கூட்டத்தின் பின்பக்கம் ஏதோ சலசலப்பு. செம்மலைக் குடிகள் கட்டும் சிவப்புப் பட்டையை மணிக்கட்டிலிருந்து அவிழ்த்துக்கொண்டே ஒரு பெண் முன்னால் வந்தாள். கை முழுக்கப் பாறைத்தூள். பேர் எழிலரசியாம், கீழ்த்தளத்துக் குடைவுக்காரி.

"அரசே, எனக்கும் ஒரு பதவி போட்டுக் கொடுங்க. செருப்பைத் திருப்பிப் போடற வேலைன்னாலும் சரி."

"அவ என் ஊர்க்காரி!" என்றார் ஆதிமூலம்.

தாவீது தொண்டையைச் செருமினார். "அடுத்த ஊர்க்காரங்களைப் பரிவாரத்துல சேர்க்கக் கூடாதுன்னு முள் எதுவும் குத்தலீங்களே ஐயா."

அஞ்சுகத்துக்கே திக்கென்றது. இதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணூறு பேரைக் காப்பாற்றினால் போதும் என்றுதான் இருந்தாள். எழிலரசிக்குப் பின்னால் பார்த்தாள். சுரங்கவழி நெடுக ஆட்கள், மூட்டை முடிச்சோடு, பிள்ளைகுட்டியோடு நின்றார்கள். வரிசையின் முடிவு வளைவுக்கு அப்பால் எங்கேயோ இருந்தது.

"உள்கதவைச் சாத்து!" என்று ஆதிமூலம் கத்தினார்.

கதவுக்காவலன் நெம்புகோலில் கை வைத்தான். கையை எடுத்தான். தொப்பியைக் கழற்றி நெம்புகோலின் மேலேயே மாட்டிவிட்டு அஞ்சுகத்திடம் வந்தான். "நானும் இருக்கேன் அரசே. இங்கேயே நிக்கட்டுமா, வரிசையில நிக்கணுமா?"

"வரிசையில நில்லு," என்றாள் அவள். "எல்லாருக்கும் ஒரே வரிசைதான்."

அவன் வளைவை நோக்கி நடந்தான். அஞ்சுகம் எழிலரசியின் தோளை நோக்கிக் கையை நீட்டினாள். நடு வழியில் நிற்குமோ என்று ஒரு கணம் பயந்தாள். கை போய்ச் சேர்ந்தது.